கிளெய்ம் மேசையில் தெரிந்தது ஏஜென்ட்டுக்கு எப்போது தெரியும்?

கேள்வி

மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் சென்னை ஆபரேஷன்ஸ் மையத்தில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 36. 'நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்' (ஊழியர்களிடம் இருக்கிற அறிவைத் திரட்டி எல்லோருக்கும் கிடைக்கச் செய்கிற அறிவு மேலாண்மை) கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்து என்னிடம் பொறுப்பைத் தந்தார்கள். ஒரு போர்ட்டல் வாங்கினோம். எட்டு மாதத்தில் சர்குலர், மேனுவல், பயிற்சிப் பாடம் என்று 1,400 கோப்புகளை ஏற்றினோம். யாரும் திறப்பதில்லை. சந்தேகம் வந்தால் இன்னமும் வாட்ஸ்அப் குழுவில்தான் கேட்கிறார்கள், இல்லையென்றால் எங்கள் கிளெய்ம்ஸ் (காப்பீட்டுத் தொகைக் கோரிக்கை) மேலாளருக்குப் போன் போடுகிறார்கள். அவர் 34 வருட அனுபவம் உள்ளவர். இன்னும் பதினொரு வாரத்தில் ஓய்வு பெறுகிறார். 'தெரிந்ததையெல்லாம் எழுதித் தாருங்கள் சார்' என்று கேட்டேன். சரி என்றார். மூன்று மாதமாகியும் ஒரு பக்கம்கூட வரவில்லை. ஏஐ சாட்பாட் போட்டால் போதும் என்கிறது ஐடி பிரிவு. பலனை எண்ணிக்கையில் காட்டு என்கிறது நிர்வாகம். எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகர், சென்னை

பதில்

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள் என்பது. நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கேட்பதற்குக் கூச்சப்படாத ஆட்களும், வேலைக்கு நடுவில் பதில் சொல்கிற ஆட்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள் என்றுதான் எனக்கு அது சொல்கிறது. பல அலுவலகங்களில் இந்த இரண்டுமே கிடையாது. போர்ட்டலில் இருப்பது நிறுவனம் சொல்ல விரும்பியது. குழுவில் வருவது வேலை செய்கிறவருக்கு அந்த நிமிஷம் தேவைப்பட்டது. அதனால் முதல் வேலையாகக் கடந்த மூன்று மாதத்து உரையாடலை எடுத்து, கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரோ பாலிசி எண்ணோ வேண்டாம், கேள்வி மட்டும் போதும். முந்நூறு கேள்வி தேறினால் அதில் நாற்பது, ஐம்பது திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றில் எத்தனைக்கு உங்கள் 1,400 கோப்புகளில் நேரடியான பதில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தேடி முடித்ததும் போர்ட்டலை ஏன் யாரும் திறப்பதில்லை என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

நான் 31 வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். பாதி அண்டர்ரைட்டிங் (யாரை, எந்த பிரீமியத்தில் ஏற்பது என்று முடிவு செய்கிற வேலை), பாதி கிளெய்ம்ஸ். அதற்கப்புறம் சில நிறுவனங்களுக்கு இந்த அறிவு மேலாண்மை விஷயத்தில் உதவி செய்து வருகிறேன். வங்கிக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் எழுதப்பட்ட முறைகளை அப்படியே எடுத்து ஆயுள் காப்பீட்டில் போடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பொருந்தவே பொருந்தாது. காரணம், நம் தொழிலின் கால அளவு. 1996-இல் முப்பது வருட எண்டோமென்ட் (கால முடிவில் பணம் தருகிற பாலிசி) எடுத்தவருக்கு 2026-இல் மெச்சூரிட்டி. பாலிசியை விற்ற ஏஜென்ட் இப்போது இருக்க மாட்டார். ஏற்றுக்கொண்ட அண்டர்ரைட்டர் ஓய்வு பெற்றிருப்பார். அன்றைய சாஃப்ட்வேர் மாறியிருக்கும். வாக்கு மட்டும் அப்படியே நிற்கும். அந்த வாக்கு எந்தச் சூழ்நிலையில், எந்த விதியின் கீழ் கொடுக்கப்பட்டது என்பதை நிறுவனம் மறந்துவிட்டால், பணம் கொடுக்கிற நாளில் யாரோ ஒரு குடும்பம் அலையும்.

இந்தச் சுமையை நம் நாட்டில் முதலில் பெரிய அளவில் சுமந்தது எல்ஐசி. 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி அது தொடங்கியபோது 245 நிறுவனங்களும் சங்கங்களும் அதற்குள் வந்து சேர்ந்தன. அவை விற்றுவைத்திருந்த பழைய பாலிசிகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு பணம் கொடுத்தாக வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் அதைச் செய்தார்கள், கணினி இல்லாமல். பழைய டிவிஷனல் ஆபீஸ்களில் 'அவரைக் கேளு, அவருக்குத் தெரியும்' என்று ஒருவரைக் கை காட்டுவார்களே, அந்த ஆள்தான் அன்றைய போர்ட்டல்.

சரி, உங்கள் கோப்புகளுக்கு வருகிறேன். அவற்றின் பெரிய குறை ஒன்று இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன்: எது எந்தத் தேதியில் எடுத்த பாலிசிக்குப் பொருந்தும் என்று எழுதியிருக்காது. நம் தொழிலில் ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று சரியான பதில்கள் உண்டு. 'ஒரு வருடம் பிரீமியம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டேன், சரண்டர் செய்தால் ஏதாவது கிடைக்குமா?' என்று, பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்ள நினைக்கிற ஒருவர் கேட்கிறார். 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிப்படி வந்த திட்டம் என்றால், ஒரு முழு வருட பிரீமியம் கட்டி முதல் வருடம் முடிந்தாலே சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தைய திட்டத்தில் எடுத்த பாலிசி என்றால் அந்தப் பாலிசியின் பழைய நிபந்தனைதான். இரண்டு சர்குலரும் உங்கள் போர்ட்டலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கவுன்ட்டரில் இருக்கிற பெண் எதைத் திறப்பாள்?

பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்கிற ஃப்ரீ லுக் காலமும் இப்படித்தான். ஏஜென்ட்டிடம் நேரில் வாங்கிய பாலிசிக்கு முன்பு 15 நாள், இப்போது எல்லாவற்றுக்கும் 30 நாள். தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதற்கு முன் கட்டிய தவணையின் ரசீதில் இருக்கும், அது தப்பில்லை. இந்த நாற்பது ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பாலிசிகளுக்கு, இந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு. இந்த மூன்றும் இல்லாத கோப்பைப் போர்ட்டலில் இருந்து எடுத்துவிடுங்கள். 1,400 என்பது 200 ஆனாலும் பரவாயில்லை. மேலிடத்தில் கேட்பார்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

அடுத்து சொல்லப்போவதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் நான் கிளெய்ம்ஸ் கமிட்டியில் இருந்தபோது ஒரு கேஸ் வந்தது. நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர், வயது 41. 25 லட்சத்துக்குப் பாலிசி. எடுத்துப் பதினான்காவது மாதம் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வருடத்துக்குள் நடந்த மரணம் என்பதால் விசாரணைக்குப் போனது. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது: நான்கு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. பாலிசிக்கான விண்ணப்பமான ப்ரபோசல் ஃபார்மில் அந்தக் கேள்விக்கு நேராக 'இல்லை' என்று டிக். கிளெய்ம் மறுக்கப்பட்டது. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பப் போனது. நானும் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி சரியான முடிவு. அந்த அம்மா இரண்டு பிள்ளைகளோடு அலுவலகத்துக்கு வந்து, 'அவர் மாத்திரை சாப்பிடறது ஏஜென்ட்டுக்குத் தெரியுமே மேடம், எங்க வீட்ல காபி குடிச்சுக்கிட்டுத்தானே எழுதினார்' என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏஜென்ட்டை வரவழைத்தேன். ஏமாற்றுகிற ஆள் இல்லை. பதினொரு வருடமாகத் தொழில் செய்கிறவர், ஊரில் நல்ல பெயர். 'பிரஷர்னு போட்டா பாலிசியே வராதுன்னு நினைச்சேன் மேடம். நம்ம ஆளுதானே, அவருக்கு ஒரு பாலிசி கிடைக்கட்டும்னுதான்' என்றார். கட்டுப்பாட்டில் இருக்கிற ரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் போட்டு ஏற்றுக்கொள்வோம் என்பது அண்டர்ரைட்டிங்கில் நேற்று சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் பதினொரு வருட ஏஜென்ட்டுக்குத் தெரியாது. மாத்திரையை மறைத்ததால் மறுக்கப்பட்ட கிளெய்ம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பது கிளெய்ம்ஸ் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ப்ரபோசல் எழுதுகிற கைக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் கிளெய்ம்ஸ் நான்காவது மாடி, சேல்ஸ் இரண்டாவது மாடி. இரண்டு மாடி இறங்காத ஒரு சின்ன விஷயத்தால் ஒரு குடும்பம் 25 லட்சத்தை இழந்தது.

தம்பி, ஆயுள் காப்பீட்டில் அறிவு மேலாண்மை என்றால் எனக்கு இதுதான். கிளெய்ம் மேசையில் தெரிய வந்தது, ப்ரபோசல் எழுதுகிறவரிடம் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

அதன்பின் நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. மாதம் ஒரு பக்கம். அந்த மாதம் மறுத்த கிளெய்ம்களில் ஒன்று, கொடுத்த கிளெய்ம்களில் ஒன்று. பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, என்ன நடந்தது, ஃபார்மில் என்ன எழுதியிருந்தார்கள், உண்மையை எழுதியிருந்தால் நாம் என்ன முடிவு எடுத்திருப்போம் என்று மூன்றே பத்தி. கடைசிக் கேள்விக்கு அண்டர்ரைட்டர்தான் பதில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதைத் தமிழில் எழுதி எல்லா பிராஞ்சுக்கும் அனுப்பி, திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். மெயிலில் அனுப்பி விட்டுவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், வாசித்தால் பேசுவார்கள். ஆறேழு மாதத்தில் ப்ரபோசல்களில் 'ஆம்' என்ற டிக் கூடத் தொடங்கியது. மெடிக்கல் டெஸ்ட் கூடியது, பாலிசி வெளிவரத் தாமதமானது, சேல்ஸ் தலைவர் என்மேல் கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, மாதக் கடைசி இலக்கு அவருக்கு. உங்களுக்கும் இந்தச் சண்டை வரும். அதற்கு முன்பே நிர்வாகத்திடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் நிறுத்திவிடாமல் இருக்க.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஃபார்மில் அதையெல்லாம் போடாதீங்க' என்பதும் களத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கிற அறிவுதான். முதல் தவணையில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன் என்று பிடிப்பதும் அப்படித்தான். அது காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி தடை செய்யப்பட்டது. அனுபவசாலிகள் சொல்வதையெல்லாம் பதிவு செய்கிறோம் என்று இறங்கினால் இவையும் உள்ளே வரும். எதை எழுதி வைப்பது என்று முடிவு செய்ய ஓர் அண்டர்ரைட்டர், ஒரு கிளெய்ம்ஸ் ஆள், ஒரு சட்டப் பிரிவு ஆள் என மூன்று பேர் போதும். பெரிய கமிட்டி போட்டால் மாதக் கணக்கில் இழுக்கும்.

இப்போது உங்கள் மேலாளர். அவர் எழுதித் தராததற்கு மனமில்லாமை காரணமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்தது எழுத்தில் வருகிற மாதிரி அவரிடமே இல்லை. நம் வீட்டுப் பாட்டியிடம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவாள். அது கைப்பக்குவம். வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுது என்றால் வராது. அடுப்புப் பக்கத்தில் நின்றால் வரும்.

அதனால் வெள்ளைத் தாளைக் கொடுக்காதீர்கள், டாக்கெட்டை, அதாவது ஒரு கிளெய்மின் முழுக் கோப்பை, கொடுங்கள். முடிந்துபோன பழைய கிளெய்ம் டாக்கெட் இருபது எடுங்கள். சுலபமானது ஐந்து, சிக்கலானது பத்து, அவரே முதலில் தப்பாகக் கணித்தது ஐந்து. கடைசி ஐந்தை அவரிடமே கேட்டு வாங்குங்கள், தருவார். வாரத்துக்கு இரண்டு நாள், காலை பத்து முதல் பதினொன்றரை வரை அவர் பக்கத்தில் உட்காருங்கள். டாக்கெட்டைப் புரட்டும்போதே மனசில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு: 'முதலில் ஏன் இந்தப் பக்கத்தைப் பார்த்தீங்க சார்?' 'இது வேற மாதிரி இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?'

என்ன வரும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர் டாக்கெட்டைத் திறந்ததும் பாலிசி தேதியைப் பார்ப்பார். 2011. பதினான்கு வருடம் ஆகிவிட்டது, பிரச்சினை இல்லை என்று மேலே போவார். உங்கள் மேலாளர் நேராகப் பின்னால் போய் ரிவைவல் பக்கத்தைத் தேடுவார். பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆகி, ஏழு மாதம் முன்புதான் ரிவைவல் மூலம் புதுப்பிக்கப்பட்டிருக்கும். தகவல் மறைப்பு என்று நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்கக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு தரும் மூன்று வருடம், பாலிசி வழங்கிய நாள், ரிஸ்க் தொடங்கிய நாள், ரிவைவல் நாள், ரைடர் (கூடுதல் பாதுகாப்பு) சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து ஓடும். ஆக, ரிவைவலின்போது கொடுத்த உடல்நல உறுதிமொழி இன்னும் கேள்விக்கு உட்பட்டதுதான். பிரிவை எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருப்பார்கள். கை அந்தப் பக்கத்துக்குப் போவது அவருக்கு மட்டும்.

அதே கை, கொடுக்கிற பக்கமும் போகும். இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாலிசியில் கே. முருகேசன், ஆதாரில் முருகேசன் கிருஷ்ணன், இறப்புச் சான்றிதழில் முருகேசன், த/பெ கிருஷ்ணன் என்று இருக்கும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று நினைத்து வடிவமைக்கப்பட்ட சாஃப்ட்வேர் இதை மூன்று ஆளாகப் பார்த்து 'பெயர் பொருந்தவில்லை' என்று நிறுத்திவிடும். அந்த வீட்டம்மா அஃபிடவிட்டுக்காக நோட்டரியிடம் அலைவார். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்கள் மேலாளர் ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிடுவார். வயதும் அப்படித்தான். பழைய பாலிசிகளில் ஜாதகத்தை வயதுச் சான்றாக ஏற்றுக்கொண்டது உண்டு. இன்று ஆதாரில் இரண்டு வருடம் வித்தியாசம் இருந்தால், இளைய அதிகாரி பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைப்பார். அன்றைக்கு என்ன வழக்கம் இருந்தது என்று தெரிந்தவர் அப்படி நினைக்க மாட்டார். மோசடியைக் கண்டுபிடிக்கிற அறிவைச் சேகரிக்க எல்லா நிறுவனமும் ஓடும். நியாயமான கிளெய்மைத் தாமதிக்காமல் கொடுக்கிற அறிவையும் அதே அக்கறையோடு சேகரியுங்கள்.

இப்படிப் பேசி எடுத்ததை எழுத்தாக்க முடியுமா என்று சந்தேகம் வந்தால், நம் தொழிலின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு வரை ஓர் ஆளை ஏற்பதா வேண்டாமா என்பது அனுபவமுள்ள டாக்டரின் தனிப்பட்ட கணிப்பாக இருந்தது. நியூயார்க் லைஃப் நிறுவனத்தில் ஆஸ்கர் ரோஜர்ஸ் என்ற மருத்துவரும் ஆர்தர் ஹன்டர் என்ற ஆக்சுவரியும் (காப்பீட்டுக் கணக்கு நிபுணர்) சேர்ந்து, 1900-களின் தொடக்கத்தில் அந்தக் கணிப்பை எண்களாக மாற்றினார்கள். சராசரி ஆளுக்கு 100. எடை அதிகமா, இத்தனை கூட்டு. பெற்றோர் நீண்ட நாள் இருந்தார்களா, இத்தனை கழி. அந்த முறையை 1919-இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். இன்று, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருகிற ரீஇன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தருகிற அண்டர்ரைட்டிங் மேனுவல்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒரு டாக்டரும் ஒரு கணக்காளரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் நடந்தது அது. உங்கள் மேலாளரின் இருபது டாக்கெட்டிலிருந்து பத்துப் பதினைந்து 'இதைப் பார்த்தால் அதைத் தேடு' என்ற குறிப்புகள் கிடைத்தால் போதும். அவை போர்ட்டலின் 1,400 கோப்பைவிடக் கனமானவை.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் அவர் பெயர் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரம் பழுது பார்க்கிற டெக்னீஷியன்கள் தங்கள் நெளிவு சுளிவுகளை ஒருவருக்கொருவர் எழுதிப் பகிர்ந்துகொள்ள 1990-களில் யுரேகா என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். குறிப்பு எழுதினால் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, பணம் வேண்டாம், குறிப்போடு எங்கள் பெயர் வரட்டும் என்பதுதான் டெக்னீஷியன்கள் விரும்பியது. நம் ஆட்களும் அப்படித்தான். 34 வருடம் உழைத்தவருக்கு சால்வையும் கடிகாரமும் கொடுத்து அனுப்புகிறோம். அவர் எழுதிய குறிப்பைப் பத்து வருடம் கழித்து ஒரு பெண் திறந்து, அடியில் அவர் பெயரைப் பார்க்கட்டும்.

இன்னொரு பயமும் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நமக்கு என்ன மதிப்பு? ஓய்வு பெறப்போகிறவருக்கு இது குறைவு; அவருக்கு அடுத்த நிலையில் ஐம்பது வயதில் இருப்பவர்களுக்கு அதிகம். அவர்களுக்கு இந்த வேலையை மற்ற வேலைக்கு மேல் ஏற்றாதீர்கள். வாரம் மூன்று மணி நேரம் டாக்கெட் எண்ணிக்கையிலிருந்து விலக்கு வாங்கிக் கொடுங்கள். நேரம் தராமல் 'பகிருங்கள்' என்று போஸ்டர் ஒட்டினால் யாரும் பகிர மாட்டார்கள்.

ஏஜென்ட்டுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. அவர்களிடம் வாடிக்கையாளர் விவரத்தையோ விற்பனை உத்தியையோ கேட்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு. வாடிக்கையாளர் கேட்டு, பதில் தெரியாமல் திணறிய கேள்வியைக் கேளுங்கள். சந்தோஷமாகத் தருவார்கள்.

சாட்பாட். இப்போது வேண்டாம். தேதி போடாத 1,400 கோப்பின் மேல் அதை உட்கார வைத்தால், பழைய சரண்டர் விதியைப் புதிய பாலிசிக்காரரிடம் தயங்காமல் சொல்லும். கேட்கிறவருக்கு அது நிறுவனத்தின் வாக்கு. முதலில் இருநூறு சுத்தமான பதில் சேரட்டும், அப்புறம் ஊழியர்களுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். டாக்கெட்டில் இருப்பது மனிதர்களின் நோய், கடன், குடும்பத் தகராறு. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது நம்மை நம்பிக் கொடுத்த விஷயம். பெயர் நீக்காத எதையும் போர்ட்டலிலோ சாட்பாட்டிலோ ஏற்ற விடாதீர்கள்.

எண்ணிக்கை கேட்கிறார்கள் என்றீர்கள். கொடுக்கலாம். ஆனால் எத்தனை கோப்பு ஏற்றினோம், எத்தனை பேர் லாகின் செய்தார்கள் என்ற கணக்கைக் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டியது ஒரு காப்பீட்டு நிறுவனம்தான். 1855-இல் தொடங்கிய ஸ்வீடனின் ஸ்கண்டியா. 1991-இல் லேஃப் எட்வின்சன் என்பவரை அறிவுச் சொத்துக்கென்றே இயக்குநராக நியமித்தது. 1994-இல் ஆண்டறிக்கையோடு அறிவுச் சொத்துக்குத் தனி இணைப்பே வெளியிட்டது. வாடிக்கையாளர், செயல்முறை, ஊழியர், புதுப்பித்தல் என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள். உலகெங்கும் பாடமாகச் சொன்னார்கள். அதே நிறுவனம் சில வருடத்தில் மேலதிகாரிகளின் போனஸ் விவகாரத்தில் பெயர் கெட்டு, 2006-இல் ஓல்ட் மியூச்சுவல் கைக்குப் போனது. அளவுகோல் நன்றாக இருந்தது. மேலே இருந்தவர்களின் நடத்தையை அது காக்கவில்லை. எதை அளக்கிறீர்கள் என்பதை வாடிக்கையாளரின் வாசலில் நின்று முடிவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவற்றை எடுப்பேன். ஒரே கிளெய்முக்கு இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை ஆவணம் கேட்டு எத்தனை கடிதம் போனது? முதல் தடவையே எல்லாவற்றையும் கேட்கத் தெரியாததுதான் அறிவுக் குறைவின் நேரடி அடையாளம். விசாரணை தேவைப்படாத இறப்பு கிளெய்முக்கு 15 நாள், தேவைப்படுவதற்கு 45 நாள் என்று 2024-இல் ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்துவிட்டது; அந்தக் கெடுவில் எத்தனை நாளில் முடிக்கிறோம்? புதிதாகச் சேர்ந்தவர் தனியாக ஒரு டாக்கெட்டை முடிக்க எத்தனை வாரம் ஆகிறது? எடுத்த மூன்று வருடத்துக்குள் மறைப்பு காரணமாக மறுக்கப்படும் கிளெய்ம் குறைகிறதா? கடைசியில் சொன்னது மெதுவாகத்தான் அசையும், இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். நிர்வாகத்திடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் மூன்றும் ஆறு மாதத்திலேயே தெரியும்.

பதினொரு வாரம் என்றீர்கள். வாரம் இரண்டு அமர்வு என்றால் இருபத்திரண்டு. அவருக்கு விடுப்பு மிச்சம் இருக்கும், கடைசி இரண்டு வாரம் பிரிவு உபசாரத்திலும் பி.எஃப். காகிதத்திலும் போய்விடும். பதினாறு அமர்வு கிடைத்தால் பெரிது. அதனால் போர்ட்டல் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஒரு டாக்கெட்டோடு அவர் மேசைக்குப் போங்கள். அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் பதிவு செய்ய வேண்டாம், சும்மா பேசட்டும். நீங்கள் எழுதிய முதல் குறிப்பை, பெயர்களை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.